ஒரு நாழிக்கு எத்தனை கிராம்?

[காட்சி: மேசையில் பித்தளை நாழி, 240 மி.லி. கப், டிஜிட்டல் தராசு, பச்சரிசி, மைதா, ரவை]

குமரி மாவட்டத்துல மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் பல வீட்டுச் சமையல்ல இன்னும் நாழிதான் பேச்சு. நாழின்னா அரிசி, மாவு அளக்குற பாத்திரம். நாலு நாழி ஒரு இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. 1956 நவம்பர்ல குமரி தமிழ்நாட்டோட சேர்ந்தும் இந்த வாய்ப்பாடு மாறலை. ஆனா பாத்திரம் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். அதனால உங்க நாழியை அளக்காம ‘இத்தனை கிராம்’னு யாராலயும் சொல்ல முடியாது.

[காட்சி: தராசில் காலி நாழி. பாத்திர எடையைக் கழிக்கிற டேர் (tare) பொத்தான். பூஜ்யம்.]

விளிம்பு வரை தண்ணி ஊத்துங்க. தண்ணி ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. இந்த நாழியில 320 காட்டுது, அப்போ கொள்ளளவு 320 மி.லி. நல்லாத் துடைச்சுக் காயவிட்டுத்தான் அடுத்தது. ஈரம் இருந்தா மாவு ஒட்டிக்கிட்டு எடை கெடும்.

இப்போ பெருக்கல். கொள்ளளவு மி.லி.யை இந்த எண்ணால பெருக்கினா கிராம் வரும். பச்சரிசிக்கும் சர்க்கரைக்கும் 0.83, ரவைக்கு 0.7, மைதாவுக்கு 0.52, பொடியுப்புக்கு 1.2. எல்லாம் சுமாரான எண்தான். இந்த நாழியில அரிசி 266 கிராம், மைதா 166. ஒரே நாழி, நூறு கிராம் வித்தியாசம்! தலை தட்டி மூணு தடவை நிறுத்துச் சராசரி எடுத்தா, உங்க அரிசிக்குன்னே ஒரு எண் கிடைக்கும். மட்டையரிசிக்கு அதுதான் நல்லது.

அரிசியும் உளுந்தும் கிட்டத்தட்ட ஒரே கனம். அதனால இட்லிக்கு 4:1 அளவை எடையாவும் அப்படியே வைக்கலாம். கேக்குக்கு அது நடக்காது. கப்புக்குக் கப்பு எடுத்தா சர்க்கரை 200, மைதா 125.

[காட்சி: மைதா டப்பா, கரண்டி, கப், மிக அருகில்]

பெரிய தப்பு நடக்கிற இடம் இது. கரண்டியால அள்ளி, கப்பைத் தட்டாம நிரப்பி, கத்தி முதுகால வழிச்சா 125 கிராம். கப்பையே டப்பாவுல முக்கி எடுத்தா மாவு அமுங்கி 150-ஐத் தொடும். மூணு கப்புக்கு 75 கிராம் கூடுதல். கேக் வறண்டு வெடிக்கும். சலிச்ச பிறகு அளக்கிறதா, அளந்த பிறகு சலிக்கிறதான்னும் குறிப்பைப் பாருங்க. எடையா இருந்தா அந்தக் கவலையே இல்லை.

புட்டு மாவை நனைக்கிறதுக்கு முன்னாடி நிறுங்க. அப்புறம் நிறுத்தா தண்ணியும் சேர்ந்துதான் நிக்கும்.

[காட்சி: தராசுத் தட்டில் ஒரு சிட்டிகை சோடா. திரையில் 0.]

ஒவ்வொரு கிராமாத்தான் காட்டுற தராசு இதைக் கண்டுக்காது. பத்து டீஸ்பூன் சோடாவை ஒண்ணாக் கொட்டி நிறுத்து, பத்தால வகுங்க. பொடியுப்பு டீஸ்பூனுக்கு ஏறத்தாழ 6 கிராம். கல்லுப்புல இடுக்கு அதிகம், எடை குறையும். அதனால பொடியுப்பு டீஸ்பூன் கணக்கை கல்லுப்புக்கு வைச்சா சப்புன்னு போகும்.