மாடு ஏறிய ஊர்

நண்பர்களே, அமெரிக்காவின் மேற்குப் பக்கம் என்றதும் நமக்குத் தொப்பியும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது மாட்டு விலையைப் பற்றி.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது டெக்சாஸில் மாடுகள் பெருகிக் கிடந்தன, வாங்கத்தான் ஆளில்லை. அங்கே நாலு டாலருக்குப் போன மாடு வடக்கே நாற்பது டாலர் வரை பெறும். கொண்டுபோய்ச் சேர்க்க வழி வேண்டுமே? கன்சாஸ் வழியாக மேற்கே ஒரு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1867இல் ஜோசப் மெக்காய் என்ற மாட்டு வியாபாரி அந்தப் பாதையோரம் இடம் தேடி அலைந்தார். ஓரிடத்தில் நில விலை கட்டுபடியாகவில்லை. இன்னோரிடத்தில் மாடே வேண்டாம் என்றார்கள். கடைசியில் கிடைத்தது அபிலீன். பத்துப் பன்னிரண்டு மரக்குடிசைகள், அவ்வளவுதான். ஆனால் புல்லும் தண்ணீரும் தாராளம்.

மெக்காய் அங்கே பட்டி அடைத்தார், மாட்டை வண்டியில் ஏற்றச் சாய்மேடை கட்டினார், 'ட்ரோவர்ஸ் காட்டேஜ்' என்று ஒரு ஓட்டலும் எழுப்பினார். செப்டம்பர் 5 அன்று 20 பெட்டி மாடுகளோடு முதல் ரயில் சிகாகோவுக்குக் கிளம்பியது. அந்த ஆண்டு மட்டும் சுமார் 35,000 மாடுகள் வந்தன. ரயில் வந்தாலே ஊர் வளரும் என்பது பாதி உண்மைதான். அந்தப் பாதையில் ஸ்டேஷன்களுக்குப் பஞ்சமில்லை. சாய்மேடை கட்டியவர் இருந்தது அபிலீனில்.

அப்புறம் சம்பளக் காசோடு மாடோட்டிகள் வந்தார்கள். சாராயக்கடை, சூதாட்டம், சண்டை. 1871இல் ஊர்க்காவலராக இருந்த வைல்ட் பில் ஹிக்காக், ஒரு துப்பாக்கிச் சண்டையில் தன் உதவியாளரையே தவறுதலாகச் சுட்டுக் கொன்றார். படக்காரர்களுக்கு இது பிடிக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது சுற்றுவட்டார விவசாயிகளின் கோபம். மந்தை பயிரை மிதித்தது. டெக்சாஸ் மாடு வந்த இடத்தில் உள்ளூர் மாடு காய்ச்சலில் செத்தது. உண்ணிதான் காரணம் என்பது பிற்பாடு தெரிந்த சங்கதி.

1872இல் அபிலீன்காரர்களே, "இனி இங்கே வராதீர்கள்" என்று டெக்சாஸ்காரர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். வியாபாரம் எல்ஸ்வர்த்துக்கும் விச்சிடாவுக்கும் நகர்ந்தது. அந்த ஓட்டலின் பெரும்பகுதியைக்கூடப் பிரித்து எல்ஸ்வர்த்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்! அபிலீன் சுற்றுப்புறம் கோதுமைக்கு மாறியது, அதை ஏற்றிப்போகவும் ரயில் இருந்தது. மாட்டுச் சந்தையோ இன்னும் மேற்கே டாட்ஜ் சிட்டிவரை போனது. 1885இல் கன்சாஸ் முழுவதும் டெக்சாஸ் மாட்டுக்குத் தடை வந்தது. டாட்ஜ் சிட்டியின் சந்தையும் அத்தோடு சரி.