மழையின் அளவும் மரணத்தின் அளவும்

அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இயற்கைப் பேரிடர்களில் எது எந்த நாட்டு மக்களுக்கு அதிக ஆபத்தானது என்பதைப் பற்றிப் பேசப்போவதாக நான் சொன்னவுடன், நண்பர்கள் பலர் சுனாமி, நிலநடுக்கம், புயல் என்று வரிசையாகப் பெயர் சொல்லிவிட்டு, “நல்ல வேளை, டர்பனில் அவை எதுவும் இல்லை” என்று முடித்தார்கள். அந்த நிம்மதியைக் கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஏனென்றால், தென்னாப்பிரிக்காவின் இந்த நகரத்தில் நம் முன்னோரைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுசென்றது கடலும் அன்று, நிலநடுக்கமும் அன்று. நாம் நாள்தோறும் பாலத்தின்மேல் கடந்து செல்லும் உம்கேனி ஆறுதான்.

1917ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் அந்த ஆறு கரை உடைத்தது. கரும்புத் தோட்டக் கூலி ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்ட இந்தியக் குடும்பங்கள், ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் காய்கறித் தோட்டம் போட்டும், ‘டின் டவுன்’ என்று அழைக்கப்பட்ட தகரக் குடியிருப்பில் நெருக்கியடித்தும் வாழ்ந்து வந்தன. ஏறத்தாழ 400 பேர் மாண்டனர். அந்த வெள்ளத்தில் மாரிமுத்து படவட்டனும் அவருடன் வலையிழுத்த மீனவர்களுமாக ஆறு பேர், ஒரு படகைத் தள்ளிக்கொண்டு சுழலுக்குள் மீண்டும் மீண்டும் சென்று, கூரைகளிலும் மரங்களிலும் தொற்றிக்கொண்டிருந்த 176 பேரைக் கரைசேர்த்தார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த வரலாறு தெரியும் என்று எண்ணிப் பார்க்கிறேன்; தெரிய வேண்டும்.

அந்த மக்கள் ஆற்றங்கரையை அழகுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. மேட்டுநிலம் அவர்களுக்குக் கிடைக்காத காலம் அது. கிடைத்தது வண்டல் படிந்த பள்ளம். கீரையும் மிளகாயும் செழித்து வளர்ந்த அதே மண்தான், ஆறு தன் வழியைத் திரும்பக் கேட்டபோது முதலில் மூழ்கியது.

105 ஆண்டுகள் கழித்து, 2022 ஏப்ரல் 11, 12 ஆகிய நாள்களில், மேற்காற்றோட்டத்திலிருந்து பிரிந்து கடலோரத்தில் நிலைகொண்ட ஒரு தாழ்வழுத்தம் நம் மாகாணமான குவாசுலு-நட்டாலின் கரையோரத்தில் பல இடங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியது. நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையமே உடைந்துபோனதால், வெள்ளம் வடிந்த பின்னும் மாதக்கணக்கில் மக்கள் வாளியும் கையுமாகத் தண்ணீர் வண்டிக்குக் காத்து நின்றார்கள். சரிவுகளில் மண் நனைந்து நெகிழ்ந்து, வீடுகளோடு சேர்ந்து கீழே இறங்கியது.

இப்போது இந்த 300 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, இதே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவைப் பாருங்கள். 2007 பிப்ரவரியில் கமேத் புயல் வந்தபோது, அத்தீவின் கொமெர்சோன் என்னும் உயரமான இடத்தில் 72 மணி நேரத்தில் 3,929 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மூன்று நாள் மழையில் அது உலகச் சாதனை. சேன்-எத்தியென் ஆற்றுப் பாலம் சரிந்து விழுந்தது. ஆனால் அத்தீவில் உயிரிழந்தோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். மழை பெய்த இடம் ஆளில்லா எரிமலைச் சரிவு என்பதும், ஆழமான பள்ளத்தாக்குகள் நீரை விரைவாகக் கடலுக்குக் கொண்டுபோகும் என்பதும் உண்மைதான். அவற்றை மறைத்து ஒப்பிடுவது நேர்மையாகாது. அவற்றோடு, சிவப்பு எச்சரிக்கை அறிவிக்கப்பட்டால் தெருவில் எவரும் நடமாடக் கூடாது என்ற கட்டுப்பாடும், காற்றுக்கும் நீருக்கும் தாங்கும் கான்கிரீட் வீடுகளும் அங்கே இருக்கின்றன. அதே தீவின் ஃபூர்னேஸ் எரிமலை அடிக்கடி நெருப்பைக் கக்குகிறது. பார்ப்பவருக்கு நெஞ்சு நடுங்கும். ஆனாலும் அதன் குழம்பு வழக்கமாக ஓடும் சரிவில் வீடுகள் இல்லாததால் உயிர்ச்சேதம் மிக அரிது. அச்சமூட்டும் தோற்றம் வேறு, ஆபத்து வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு நேர்மாறானது பர்மா. 2008 மே 2ஆம் நாள் நர்கிஸ் புயல் ஐராவதி முகத்துவாரத்தில் புகுந்தபோது இறந்தோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 1,38,000 பேர். காற்றைவிட, அது தள்ளிவந்த கடல்நீரே அதிகம் கொன்றது. கைவிரித்தாற்போல் கிடக்கும் சமவெளியில் ஏறி நிற்க ஒரு மேடு இல்லை. அலையின் வேகத்தைத் தணித்திருக்கக்கூடிய அலையாத்திக் காடுகளோ பெரும்பகுதி அழிந்துவிட்டன. அந்தக் காடுகளை வெட்டி நெல்வயலாக்கும் வேலை ஆங்கிலேயர் காலத்திலேயே தொடங்கியது. அதற்குக் கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ஒருவரையும் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. பசி தீர்க்க விளைந்த வயலே பிற்காலத்தில் அலைக்குப் பாதை திறந்துவிட்டது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

நாகப்பட்டினத்தின் கதை நேரத்தின் கதை. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா அருகே கடலடியில் நிலம் பிளந்து, அலை தமிழ்நாட்டுக் கரையை எட்டுவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் இருந்தது. நடந்தே தப்பித்திருக்கப் போதுமான நேரம் அது. ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கென்று ஓர் எச்சரிக்கை அமைப்பு அன்று இல்லாததால், நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒன்றும் அறியாமல் மாண்டனர். நிலநடுக்கம் அந்த இரண்டு மணி நேரத்தையும் தருவதில்லை. 2025 மார்ச் 28 நண்பகலில் பர்மாவின் மண்டலே அருகே 7.7 அளவில் நிலம் குலுங்கியபோது, தொழுகையில் இருந்தவர்கள் எழுவதற்குள் பள்ளிவாசல்கள் இடிந்து விழுந்தன. அத்தகைய இடரில் கட்டடத்தின் உறுதி ஒன்றே துணை.

ஆற்று வெள்ளம் அப்படிப்பட்டதன்று. அது நேரம் தரும். 2022இல் டர்பனின் பால்மியட் ஆற்றோரத்திலுள்ள குவாரி ரோடு குடிசைப் பகுதியில் ஏராளமான குடிசைகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆனால் ஆற்றின் நிலையைக் கவனித்து வாட்ஸ்அப் வழியே செய்தி அனுப்பும் ஏற்பாடு அங்கே முன்பே இருந்ததால், மக்கள் பலர் இருட்டிலேயே வெளியேறிப் பிழைத்தார்கள். அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் நம் மொழியினர் அல்லர். 1917இல் நாம் நின்றதைப் போன்ற பள்ளத்தில், நாம் நின்ற அதே காரணத்துக்காக, இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

ஆகவே இந்த மண்டபத்தின் நிர்வாகக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இந்த இடம் மேட்டில் இருக்கிறது. சமையற்கூடமும் பெரிய தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன. அடுத்த மழைக்காலத்துக்கு முன், கதவின் சாவி நள்ளிரவில் யாரிடம் இருக்கும் என்பதையும் அவருடைய தொலைபேசி எண்ணையும், கீழே ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்கு, அவர்கள் பேசும் இசுலு மொழியிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.