மண் வேறு, அழுக்கு வேறு

எல்லோருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரு அல்சூரில் இத்தனை பேர் கூடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. சிரங்கு பற்றிப் பேசுவேன் என்று சிலர் வந்திருக்கலாம். நான் பேச வந்தது கரப்பான் பற்றி, அதாவது எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய் பற்றி. சிரங்கு ஒட்டும், கரப்பான் ஒட்டாது. கரப்பான் உள்ள பிள்ளையைத் தனியாக உட்கார வைக்காதீர்கள்.

"எங்க பாட்டி காலத்துல இதெல்லாம் ஏது டாக்டர்?" என்று கேட்காத தாய் இல்லை. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பிரிட்டனில் 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த 17,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை டேவிட் ஸ்ட்ராச்சன் என்ற நோய்ப்பரவல் ஆய்வாளர் அலசினார். அண்ணன் அக்கா நிறைய இருந்த வீட்டுக் கடைக்குட்டிக்கு மூக்கு ஒவ்வாமையும் குறைவு, முதல் வயதில் கரப்பானும் குறைவு. 1989-இல் இதை எழுதினார். கூடப்பிறந்தவர்கள் கொண்டுவரும் தொற்றுதான் இந்தக் குறைவுக்குக் காரணம் என்பது அவர் ஊகம்.

உடனே "அழுக்கு நல்லது" என்று கிளம்பிவிட்டார்கள். அங்கேதான் எனக்குக் கோபம். நம் ஊர்ச் சாக்கடையான ராஜகால்வாயில் ஓடுவதும் அழுக்குதான். அதில் பிள்ளையை இறக்குவோமா? வயிற்றுப்போக்குக் கிருமி நம் எதிர்ப்புச் சக்திக்கு எந்தப் பாடமும் நடத்தாது. மண்ணிலும் செடியிலும் மாட்டுத் தொழுவத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் வேறு. நம் உடம்பு காலங்காலமாகப் பழகியது அவற்றோடுதான்.

பின்லாந்தில் சில மழலையர் காப்பகங்களின் சரளைக்கல் முற்றத்தில் காட்டுத் தரையை அப்படியே பெயர்த்து வந்து விரித்தார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் தினமும் அதில் விளையாடினார்கள். இருபத்தெட்டே நாளில் தோலில் பாக்டீரியா வகைகள் கூடின. ரத்தத்தில் அழற்சியை அடக்கும் பக்கமும் ஓங்கியது. 2020-இல் வந்த ஆய்வு இது. ஆனால் கரப்பான் குணமானது என்று அதில் இல்லை; இருப்பதாகச் சொல்லி யாராவது மண் பாக்கெட் விற்றால் வாங்காதீர்கள்.

சில பிள்ளைகளுக்குத் தோலைக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவிலேயே குறை இருக்கும். எவ்வளவு மண்ணில் புரண்டாலும் அது மாறாது. அந்தத் தாய்மார்கள் தங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

சரி, அபார்ட்மெண்ட்டில் பதினோராவது மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? லால்பாக் பூங்கா இருக்கிறது, பால்கனியில் தொட்டி இருக்கிறது. கொத்தமல்லி விதையைப் பிள்ளை கையாலேயே ஊன்றச் சொல்லுங்கள். தோல் வெடித்து நீர் வடியும் நாட்களில் மட்டும் வேண்டாம். விளையாடி வந்ததும் வெதுவெதுப்பான நீர் போதும். கடலை மாவு போட்டுத் தேய்க்காதீர்கள். ஈரம் காயும் முன்பே மாய்ஸ்சரைசர் தடவுங்கள். சாப்பிடும் முன் கை கழுவுவதை மட்டும் பாட்டி காலத்திலும் யாரும் விடவில்லை.