நம்ம ஆளு அப்படிச் செய்யமாட்டார்

நேயர்களுக்கு வணக்கம். விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். மைதானத்துக்குள் நடப்பதைச் சொல்ல என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை வேடிக்கை பார்ப்பது, அதனால் வேடிக்கை பார்க்கிறவர்களைப் பற்றியே பேசிவிடுகிறேன், என்னையும் சேர்த்துத்தான்.

பெரிய வீரர் ஒருவர் மேல் ஊக்கமருந்துப் புகார் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தி வந்த பத்தாவது நிமிடத்தில் பாதிப் பேர் "எனக்கு அப்பவே தெரியும்" என்பார்கள், மீதிப் பேர் "நம்ம ஆளு அப்படிச் செய்யமாட்டார், யாரோ மாட்டிவிடுகிறார்கள்" என்பார்கள். என்ன மருந்து, எவ்வளவு இருந்தது, உறுதிப்படுத்த எடுத்துவைத்த இரண்டாவது சிறுநீர் மாதிரியைச் சோதித்தார்களா என்று இரண்டு கூட்டத்திலும் ஒருவர்கூடக் கேட்டிருக்கமாட்டார். அந்த வீரரை நமக்கு முன்பே பிடிக்குமா பிடிக்காதா என்பதை வைத்துத் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டுத்தான் செய்தியையே படிக்கிறோம்.

நான் இரண்டாவது கூட்டத்து ஆள். அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் விஷயத்தில் ஏழெட்டு வருடம் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன், அதுவும் முன் வரிசையில்.

இன்று கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் அந்தக் கதை அப்படிப்பட்டது. 1996 அக்டோபரில் புற்றுநோய் என்று தெரிகிறது, நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருக்கிறது, அதிலிருந்து மீண்டு வந்து 1999இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயிக்கிறார், 2005 வரை ஏழு முறை தொடர்ந்து ஜெயிக்கிறார். 2004இல் அவருடைய அறக்கட்டளை மஞ்சள் ரப்பர் வளையம் ஒன்றை வெளியிட்டது, கோடிக்கணக்கில் விற்றது. நானும் ஒன்று மாட்டிக்கொண்டு திரிந்தேன். யாராவது சந்தேகமாகப் பேசினால் என் கையில் இரண்டு பதில் தயாராக இருக்கும். ஒன்று, ஐந்நூறு முறை சோதித்தும் மாட்டவில்லையே. இன்னொன்று, புற்றுநோயாளிகளுக்கு இவ்வளவு செய்கிறவர் ஏமாற்றுவாரா.

இரண்டாவது பதிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தானம் செய்கிறவர் பொய் சொல்லமாட்டார் என்று யார் சொன்னது? முதல் பதில்தான் சுவாரசியமானது, ஏனென்றால் கேட்க அறிவியல் மாதிரியே இருக்கும். உடம்பில் ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டுகிற ஈபிஓ என்ற மருந்தைச் சிறுநீரில் கண்டுபிடிக்கும் சோதனையே 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதாவது அவர் முதல் முறை ஜெயித்த 1999இல், ஈபிஓ போட்டவரையும் போடாதவரையும் பிரித்துச் சொல்ல அங்கே ஒரு வழியும் இல்லை. தன் ரத்தத்தையே எடுத்து வைத்திருந்து பந்தயத்தின்போது மறுபடி ஏற்றிக்கொண்டால் அதை நேரடியாகப் பிடிக்கவும் சோதனை கிடையாது. வலை போடாத குளத்தில் மீன் இல்லை என்று நான் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தேன். அப்புறம், ஒருமுறைகூட மாட்டவில்லை என்பதே சரியில்லை. அந்த 1999 பந்தயத்திலேயே தடை செய்யப்பட்ட ஸ்டீராய்டு ஒன்றின் தடயம் கிடைத்தது, சைக்கிள் இருக்கையில் உட்கார்ந்து வந்த புண்ணுக்குத் தடவிய களிம்பு என்று மருத்துவச் சீட்டைக் காட்டினார்கள், விஷயம் அத்தோடு முடிந்தது.

அந்தச் சீட்டு பின்தேதியிட்டு எழுதியது என்று பின்னால் வெளியே சொன்னவர் எம்மா ஓ'ரெய்லி. அந்த அணியில் வீரர்களுக்கு மசாஜ் செய்தவர், அயர்லாந்துக்காரர். சொன்னதற்கு அவருக்குக் கிடைத்தது அவதூறு வழக்கும் கேவலமான பேச்சும். சக வீரரின் மனைவி பெட்சி ஆண்ட்ரூ, 1996இல் மருத்துவமனை அறையில் ஆம்ஸ்ட்ராங் தன் வாயாலேயே மருத்துவர்களிடம் என்னென்ன மருந்து எடுத்தேன் என்று சொன்னதைக் கேட்டதாகச் சாட்சி சொன்னார். அவருக்குக் கிடைத்த பட்டம் பொறாமைக்காரி. இதையெல்லாம் ஆம்ஸ்ட்ராங் தனியாக நின்று செய்துவிடவில்லை. எங்களைப் போன்றவர்கள் லட்சக்கணக்கில் பின்னால் நின்று "புகழுக்காகப் பேசுகிறார்கள், காசுக்காகப் பேசுகிறார்கள்" என்று கூடவே கத்தினோம். அந்தப் பெண்களில் ஒருவர் பொய் சொல்வதற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று நான் ஒரு நாள்கூட உட்கார்ந்து யோசித்ததில்லை.

2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு முகமை ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஆதாரங்களை வெளியிட்டது. 26 பேரின் சாட்சியம், அதில் 11 பேர் அவருடைய பழைய சக வீரர்கள். ஏழு பட்டங்களும் போயின. 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஒத்துக்கொண்டார்.

சரி, அதன் பிறகாவது நாங்கள் அடங்கினோமா? இல்லை, புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டோம்: "அந்தக் காலத்தில் எல்லாரும்தான் போட்டார்கள்." எனக்கு இன்று மிகவும் எரிச்சல் வருவது இந்த வாக்கியத்தின் மேல்தான். கிறிஸ்டோஃப் பாசோன் என்று ஒரு பிரெஞ்சு வீரர் இருந்தார். 1998இல் அவருடைய அணியே ஊக்கமருந்து விவகாரத்தில் கூண்டோடு சிக்கியபோது, இவர் போடமாட்டார் என்று மாட்டியவர்களே சொன்னார்கள். 1999 பந்தயத்தின்போது சந்தேகங்களைப் பத்திரிகையில் எழுதினார். ஆம்ஸ்ட்ராங் ஓடுகிற பந்தயத்திலேயே பக்கத்தில் வந்து, வீட்டுக்குப் போய்விடு என்கிற மாதிரி பேசினார். மற்ற வீரர்கள் முகம் கொடுக்கவில்லை, பாதிப் பந்தயத்தில் அவர் விலகிப் போனார். "எல்லாரும்தான்" என்று சொல்லும்போது இந்த மனிதரை இரண்டாவது முறையும் சாலையிலிருந்து தள்ளிவிடுகிறோம்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் புகார் வந்தாலே நம்பிவிட வேண்டியதுதான் என்று கிளம்பிவிடாதீர்கள். பிரிட்டனின் டயேன் மோடால் 1990 காமன்வெல்த் போட்டியில் 800 மீட்டர் தங்கம் வென்றவர். 1994இல் கனடாவின் விக்டோரியாவில் அந்தப் பட்டத்தைக் காக்கப் போன இடத்தில், அதற்கு முன் லிஸ்பனில் கொடுத்த சிறுநீர் மாதிரியில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் எக்கச்சக்கமாக இருக்கிறது என்று செய்தி வந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், நான்கு வருடத் தடையும் விதித்தார்கள். கடைசியில் பார்த்தால் அந்த மாதிரியைக் குளிர்பதனத்தில் வைக்காமல் விட்டிருந்தார்கள், பாக்டீரியா வளர்ந்து அதனாலேயே அளவு ஏறியிருக்கலாம் என்று நிபுணர்கள் காட்டினார்கள். 1995இல் மேல்முறையீட்டில் தடை நீங்கியது, 1996இல் உலகத் தடகள அமைப்பும் விடுவித்தது. குற்றச்சாட்டு ஓடிய வேகத்தில் விடுதலைச் செய்தி ஓடவில்லை, எப்போதும் ஓடுவதில்லை.

இத்தாலிய டென்னிஸ் வீரர் யானிக் சின்னர் விஷயத்தில் மக்கள் கோபத்தில் கொஞ்சம் நியாயம் இருந்தது என்பேன். 2024 மார்ச்சில் இரண்டு மாதிரிகளில் குளோஸ்டெபால் என்ற தடை செய்யப்பட்ட ஸ்டீராய்டு கிடைத்தது, அளவு ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. தன் விரல் காயத்துக்கு ஸ்பிரே அடித்துக்கொண்ட பிசியோதெரபிஸ்ட் மசாஜ் செய்தபோது ஒட்டியது என்ற விளக்கத்தைத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் விஷயம் வெளியே தெரிந்ததே ஆகஸ்டில்தான், நடுவில் அவர் ஆடிக்கொண்டுதான் இருந்தார். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை மேல்முறையீடு செய்து, 2025 பிப்ரவரியில் மூன்று மாதத் தடையோடு சமரசமாக முடிந்தது. இதன் பக்கத்தில் ருமேனிய டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப்பை வைத்துப் பாருங்கள். 2022 அக்டோபரில் இடைநீக்கம், அப்புறம் நான்கு வருடத் தடை, 2024 மார்ச்சில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை ஒன்பது மாதமாகக் குறைத்தபோது அவர் ஏற்கெனவே பதினேழு மாதம் வெளியே உட்கார்ந்துவிட்டார். மருந்து எங்கிருந்து வந்தது என்று உடனே காட்ட முடிந்தால் சட்டம் ஒரு மாதிரி நகர்கிறது, முடியாவிட்டால் வேறு மாதிரி, இது விதியில் இருப்பதுதான். இருந்தாலும் அப்படி உடனே காட்ட நல்ல வக்கீலும் நிபுணரும் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். கோபப்படுகிறவர்கள் இதைக் கேட்டிருக்கலாம். பெரும்பாலும் சின்னரைத் திட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

எம்மா ஓ'ரெய்லியை 2013இல் ஆம்ஸ்ட்ராங் நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார், அவரும் மன்னித்தார், பின்னால் அவர் எழுதிய புத்தகத்துக்கு ஆம்ஸ்ட்ராங்கே முன்னுரையும் கொடுத்தார். அவரைத் திட்டித் தீர்த்த நாங்கள்? எனக்குத் தெரிந்து எங்கள் கூட்டத்தில் ஒருவரும் அவருக்கு ஒரு வரி எழுதவில்லை, நானும் எழுதவில்லை. மஞ்சள் வளையத்தை மட்டும் யாருக்கும் தெரியாமல் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன், இன்னும் அங்கேதான் கிடக்கிறது. வணக்கம்.