கொச்சி அணியின் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நகரத்துக்குப் புதிதாக ஒரு பெரிய விளையாட்டு அணி வந்தால், அதைத் தாங்குகிற பண வசதி அந்த நகரத்துக்கு இருக்கிறதா? இதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். மட்டை பிடித்துப் பழக்கம் இல்லாத, கணக்குப் புத்தகம் பார்த்தே பழகிய ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் எடுத்துக்கொண்டு வந்திருக்கும் கதையில் மட்டையையும் பந்தையும் விடக் கணக்குப் புத்தகத்துக்குத்தான் வேலை அதிகம். கொச்சி டஸ்கர்ஸ் கேரளா என்ற ஐபிஎல் அணியின் கதை அது.

மறந்துபோயிருப்பீர்கள். 2011இல் ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு மறைந்துபோன அணி. மஹேல ஜெயவர்தன தலைவர். நம் முத்தையா முரளிதரன், மெக்கல்லம், லட்சுமண், ஜடேஜா, ஸ்ரீசாந்த் எல்லோரும் அதில் இருந்தார்கள். கொச்சியில் மழையால் ஓவர் குறைந்த ஒரு ஆட்டத்தில் சென்னை சூப்பர் கிங்ஸையே தோற்கடித்தார்கள். அதே மைதானத்தில் சில நாள் கழித்து, ஹைதராபாத் அணிக்கு எதிராக 74 ஓட்டங்களில் சுருண்டும் போனார்கள். பத்து அணிகளில் எட்டாவது இடம். முதல் வருடத்துக்கு மோசம் என்று சொல்லிவிட முடியாது.

அந்த அணி போன பிறகு, "கொச்சி சின்ன ஊர், அதால் ஐபிஎல் அணியைத் தாங்க முடியவில்லை" என்று ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. இந்தப் பேச்சோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் வாங்கின விலையைப் பார்ப்போம். 2008இல் ஐபிஎல் தொடங்கியபோது எட்டு அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 72 கோடி டாலருக்கு விலைபோயின. அவற்றில் மிக அதிக விலை மும்பைக்கு, 11 கோடியே 19 லட்சம் டாலர். இரண்டே வருடம் கழித்து, 2010 மார்ச்சில், சென்னையில் இரண்டு புதிய அணிகளுக்கு ஏலம் நடந்தது. புனேயை சஹாரா 37 கோடி டாலருக்கு எடுத்தது. கொச்சியை ரான்டெவூ என்ற நிறுவனத்தின் தலைமையிலான கூட்டணி 33 கோடியே 33 லட்சம் டாலருக்கு எடுத்தது. இரண்டையும் கூட்டினால் 70 கோடி டாலருக்கு மேல். எட்டு அணிகளின் விலையை இரண்டு அணிகளே கிட்டத்தட்ட எட்டிவிட்டன. மும்பையைப் போல மூன்று மடங்கு விலை கொச்சிக்கு! ஏல அறையில் இருந்தவர்களில் ஒருவராவது ஒரு பேனாவை எடுத்திருக்கலாம்.

ரூபாயில் சொன்னால் 1,533 கோடி. பத்து வருடத் தவணை. ஆக வருடத்துக்கு 153 கோடி ரூபாயைக் கிரிக்கெட் வாரியத்துக்குக் கட்டியாக வேண்டும். வெயிலோ மழையோ, வெற்றியோ தோல்வியோ, கட்டியாக வேண்டும். அப்புறம் ஆட்டக்காரர்கள் சம்பளம். அந்த வருட ஏலத்தில் ஓர் அணி 90 லட்சம் டாலர் வரை செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு. அது ஒரு நாற்பது கோடி ரூபாய். விமானம், ஓட்டல், மைதான வாடகை, பயிற்சியாளர்கள் எல்லாம் தனி.

சரி, வரவு என்ன? டிக்கெட்டிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் "ஊர் தாங்குமா" என்று கேட்கிறவர்கள் மனதில் இருப்பது டிக்கெட்தான். ஓர் அணிக்குச் சொந்த ஊரில் ஏழு ஆட்டம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாற்பதாயிரம் பேர் வருகிறார்கள், ஒரு நாற்காலிகூடக் காலியில்லை என்று வைத்துக்கொள்வோம். சராசரி டிக்கெட் ஆயிரம் ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 2011இல் அது பெரிய தொகை, ஆனாலும் இருக்கட்டும். பெருக்கிப் பாருங்கள், 28 கோடி. கொச்சிக்காரர்கள் ஒருவர் விடாமல் வந்து உட்கார்ந்தாலும், வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தவணையில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. கொச்சிக்குப் பதிலாகக் கொல்கத்தாவையோ டெல்லியையோ வைத்துக் கணக்குப் போட்டாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது.

அப்படியானால் மற்ற அணிகள் எப்படிப் பிழைத்தன? தொலைக்காட்சி. ஒளிபரப்பு உரிமைப் பணத்தை வாரியம் மொத்தமாக வாங்கி, தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2009இல் போட்ட ஒப்பந்தப்படி ஒன்பது வருடத்துக்கு 8,200 கோடி ரூபாய். வருடத்துக்குச் சுமார் 911 கோடி. வாரியம் ஒரு காசுகூட எடுக்காமல் அத்தனையையும் பத்து அணிகளுக்கே கொடுத்தாலும், ஆளுக்கு 91 கோடிதான் வரும். மும்பையின் ஆண்டுத் தவணை 2008 மாற்று விலையில் சுமார் 45 கோடி, சென்னையுடையது அதைவிடக் குறைவு. அவர்கள் நிம்மதியாக மூச்சு விடலாம். கொச்சிக்குத் தவணையே 153 கோடி. இதில் ஊரின் குற்றம் எங்கே இருக்கிறது?

இன்னொன்றும் நடந்தது. பத்து அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடு இரண்டு முறை மோதினால், அணிக்குப் பதினெட்டு ஆட்டம் வரும். அந்த எதிர்பார்ப்பில்தான் புதியவர்கள் பணத்தைக் கொட்டினார்கள். அட்டவணை வந்தபோது அணிக்குப் பதினான்கு ஆட்டம்தான். தவணை குறையவில்லை. ஆட்டம் குறைந்ததால் கட்டணத்தையும் குறைக்க வேண்டும் என்று புதிய அணிகள் முறையிட்டன, வாரியம் இறங்கி வரவில்லை.

உரிமையாளர் கூட்டமும் ஒரு வினோதம். பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் குஜராத், மும்பைத் தொழிலதிபர்கள். பணம் போடாமல் நிர்வாகம் மட்டும் பார்ப்பதற்காக ரான்டெவூவுக்கு 25 சதவீதப் பங்கு இலவசம். முழுச் செலவையும் முக்கால் பங்குக்காரர்கள் சுமக்க வேண்டும். இந்தப் பங்குகள் பற்றிய சர்ச்சை வெடித்துத்தான் 2010 ஏப்ரலில் சசி தரூர் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். ஒரு வாரத்தில் ஐபிஎல் தலைவராக இருந்த லலித் மோடி இடைநீக்கம் செய்யப்பட்டார். அணி ஒரு பந்துகூட வீசுவதற்கு முன்பே இரண்டு விக்கெட்.

ஊர் செய்ய வேண்டியதையும் சொல்ல வேண்டும். கலூரில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு மைதானம் அணியின் சொத்து அல்ல. அது பெருங்கொச்சி வளர்ச்சிக் குழுமத்துக்குச் சொந்தமானது. கேளிக்கை வரியில் விலக்கு வேண்டும் என்று அணி கேட்க, மாநகராட்சியோடு இழுபறி. வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்ற பேச்சும் அடிபட்டது. மாநகராட்சி வரியைக் கேட்டதில் தவறே இல்லை என்பது என் கட்சி. குப்பை அள்ளுவதும், கூட்டத்துக்குச் சாலையை ஒழுங்குபடுத்துவதும் யார் தலையில் விழுகிறது? கடைசியில் ஏழு சொந்த ஊர் ஆட்டங்களில் ஐந்துதான் கொச்சியில் நடந்தன. இரண்டு ஆட்டம் மத்தியப் பிரதேசத்தில், இந்தூரில். கேரளத்து அணிக்கு இந்தூர் சொந்த ஊர்!

2011 செப்டம்பர் 19 அன்று கிரிக்கெட் வாரியம் அணியை நீக்கியது. சொன்ன காரணம், வங்கி உத்தரவாதம் தரவில்லை. நாங்கள் தவணை கட்டாவிட்டால் இந்த வங்கி கட்டும் என்று ஒரு கடிதம், அவ்வளவுதான் விஷயம். வருடா வருடம் அதைக் கொடுத்தாக வேண்டும். ஆட்டம் குறைந்தது, மைதானம் கிடைப்பதில் சிக்கல், பங்கு மாற்றத்துக்கு வாரியம் ஒப்புதல் தரவில்லை என்று அணி பல காரணம் சொல்லிக் கொடுக்காமல் இருந்தது. வாரியம் கையில் இருந்த பழைய உத்தரவாதத்தைப் பணமாக்கிக்கொண்டு அணியை இழுத்து மூடிவிட்டது.

இதோடு முடியவில்லை. வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போனது. வாரியம் செய்தது தவறு என்று 2015இல் தீர்ப்பு. உத்தரவாதப் பணம் 153 கோடி ரான்டெவூவுக்கு, இழப்பீடு 384 கோடிக்கு மேல் கொச்சி அணி நிறுவனத்துக்கு, மொத்தம் 538 கோடி. 2025 ஜூனில் மும்பை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பதினான்கு ஆட்டம் ஆடிய அணி, அதற்குள் பதினான்கு வருடம் வழக்கும் ஆடிவிட்டது.

புனே மட்டும் என்ன வாழ்ந்தது? அது கொச்சியைவிடப் பணக்கார, பெரிய நகரம். உரிமையாளரும் ஒரே பெரிய குழுமம். ஆனாலும் கட்டணத் தகராறு முற்றி 2013இல் சஹாரா விலகிவிட்டது. முதல் வருடம் சொந்த மைதானம் தயாராகாமல் நவி மும்பையில் போய் ஆடினார்கள். பெரிய ஊரும் சின்ன ஊரும் ஒரே பள்ளத்தில்தான் விழுந்தன. இன்னொரு பக்கம் ஹைதராபாத்தைப் பாருங்கள். டெக்கான் சார்ஜர்ஸ் 2012இல் நீக்கப்பட்டது. அதே ஊருக்கான அணியைச் சென்னையின் சன் டிவி நிறுவனம் வருடத்துக்கு 85 கோடியே 5 லட்சத்துக்கு எடுத்தது. சன்ரைசர்ஸ் இன்றும் ஆடுகிறது. ஊர் மாறவில்லை, ரசிகர்கள் மாறவில்லை, மாறியது முதலாளிதான்.

இதே கேள்வியை அமெரிக்காவில் கேட்டால் அதற்கு நேரடியான பொருள் உண்டு. அங்கே அணி வர வேண்டுமென்றால் ஊர் தன் பையிலிருந்தே பணம் எடுக்கும். லாஸ் வேகஸ் நகரம் ரைடர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியை ஓக்லண்டிலிருந்து இழுத்துவர, மைதானத்துக்கு 75 கோடி டாலர் பொதுப் பணம் கொடுத்தது. ஓட்டல் அறை வரியை உயர்த்தி அதைத் திரட்டுகிறார்கள். சூதாட வருகிற வெளியூர்க்காரன் கட்டுகிறான் என்பது சமாதானம். அடுத்து பேஸ்பால் அணிக்கு 38 கோடி டாலர். அங்கே பொருளாதார வல்லுநர்கள் பலர் பல வருடமாக, மைதானத்துக்குப் போட்ட வரிப்பணம் ஊருக்குத் திரும்பி வருவதில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஓக்லண்டைக் கேட்டால் தெரியும். 1995இல் ரைடர்ஸைத் திரும்பக் கூட்டிவர மைதானத்தைக் கடன் வாங்கிப் பெரிதாக்கினார்கள். 2020இல் அணி வேகஸுக்குப் போன பிறகும் கடன் பாக்கி இருந்தது. கூடைப்பந்து அணி 2019இல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது, 2024இல் பேஸ்பால் அணியும் ஊரை விட்டது. ஐந்து வருடத்துக்குள் மூன்று அணிகளை இழந்த ஊர் அது.

நம் ஊரில் ஐபிஎல் அணிக்கு நகரம் அப்படி நேரடியாகப் பணம் கட்டுவதில்லை. அதனால் நகரத்துக்கும் அணிக்கும் உள்ள முடிச்சும் லேசானது. 2018இல் காவிரிப் போராட்டத்தின்போது சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு சென்னை அணி மிச்ச சொந்த ஊர் ஆட்டங்களைப் புனேவுக்குக் கொண்டுபோனது. அந்த வருடம் கோப்பையையும் வென்றது. சேப்பாக்கத்து டிக்கெட் இல்லாமலே வண்டி ஓடிவிட்டது.

இப்போது தொகைகள் வேறு. 2023 முதல் 2027 வரை ஐந்து வருட ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி. அதில் பாதி அணிகளுக்கு என்றால், அணிக்கு வருடம் ஏறக்குறைய 484 கோடி. ஆனால் 2021இல் லக்னோ அணி 7,090 கோடிக்கு ஏலம் போயிற்று, வருடத்துக்கு 709 கோடி. மறுபடியும் பள்ளம்தான், கவனித்தீர்களா? இந்த முறை வாங்கினவர்களுக்கு ஆழம் தெரியும். விளம்பரதாரர் பணம் பெருகியிருக்கிறது. அணியின் மதிப்பே ஏறும் என்பது இன்னொரு நம்பிக்கை. அகமதாபாத் அணியை 5,625 கோடிக்கு எடுத்த சிவிசி நிறுவனம், 2025இல் 67 சதவீதத்தை டோரண்ட் குழுமத்துக்கு விற்றுவிட்டது. லக்னோவிலும் அகமதாபாத்திலும் கிரிக்கெட்டுக்கான பெரிய மைதானங்கள் முன்பே தயாராக இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது.

கொச்சிக்கு ரசிகர்கள் இல்லை என்று யாராவது சொன்னால், அதே கலூர் மைதானத்துக்குக் கால்பந்து நாளில் போகச் சொல்லுங்கள். 2014இல் தொடங்கிய கேரளா பிளாஸ்டர்ஸ் மூன்று முறை இறுதிக்கு வந்து மூன்று முறையும் தோற்றது. அப்படியும் மஞ்சள் சட்டைக் கூட்டம் திரண்டு வந்தது. 2018இல் அங்கே ஒரு கிரிக்கெட் ஆட்டம் நடத்தப் புல்தரையைத் தோண்டுவார்கள் என்று தெரிந்ததும் கால்பந்து ரசிகர்கள் எதிர்த்து, ஆட்டம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. இவ்வளவு அன்பு இருந்தும் இந்தியக் கால்பந்தில் அணிகள் நட்டத்தில்தான் ஓடுகின்றன. தொலைக்காட்சிப் பணம் அங்கே இல்லை. கூட்டமைப்புக்கும் போட்டியை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல், 2025 ஜூலையில் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. அரங்கு நிறைந்த ஊரிலும் அணிக்கு நாளைக்குச் சோறு இருக்குமா என்று தெரியாத நிலை வந்தது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். கோவைக்காரர்கள் சிலர் என்னிடம், நமக்கும் ஓர் ஐபிஎல் அணி வராதா என்று கேட்பதுண்டு. கோவையில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் கட்டுவோம் என்று 2024 தேர்தல் நேரத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார், ஒண்டிப்புதூர்ப் பக்கம் இடமும் பார்த்தார்கள். அணி வருவது யாரோ ஒரு தொழிலதிபர் ஏலத்தில் கை தூக்குவதைப் பொறுத்தது. நகரம் கவலைப்பட வேண்டிய இடம் மைதானம். கல்யாண மண்டபம் கட்டுகிறவர் முகூர்த்தம் இல்லாத மாதங்களையும் கணக்கில் வைத்துத்தான் கட்டுவார். ஐபிஎல் அணி வந்தாலும் வருடத்தில் ஏழு நாள்தான் அங்கே ஆடும். மிச்ச நாளில் புல்லுக்குத் தண்ணீரும் விளக்குக்கு மின்கட்டணமும் யார் கொடுப்பார்கள்? பள்ளிப் பிள்ளைகளை உள்ளே விடுவார்களா? அணி கேளிக்கை வரி விலக்குக் கேட்டால் என்ன பதில் சொல்வது? இதையெல்லாம் செங்கல் வைப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். கோவை மாநகராட்சிக் கூட்டத்தில் யாராவது ஒரு உறுப்பினர் எழுந்து இந்த மூன்று கேள்வியையும் கேட்டால், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டல் கழித்தல் போட்டுக் கொடுக்க நான் தயார்.

நன்றி, வணக்கம்.