டோரதி ஹாட்ஜ்கினின் கைகள்

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் பென்சிலின் ஊசி போட்டிருப்பீர்கள். வீட்டில் யாராவது ஒருவர் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்வார். பி12 குறைவு என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டும் எங்காவது கிடக்கும். இந்த மூன்றும் உள்ளுக்குள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன, எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டறிந்த குழுக்களை நடத்தியவர் ஒரே பெண்மணி, டோரதி ஹாட்ஜ்கின். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் முடக்குவாதத்தோடு வாழ்ந்தவர்.

1910-ல் கெய்ரோவில் பிறந்தார். அப்பா எகிப்திலும் சூடானிலும் கல்வித் துறையில் வேலை பார்த்த ஆங்கிலேயர். பள்ளியில் வேதியியல் பையன்களுக்கான பாடம்; விடாமல் கேட்டு, இன்னொரு பெண்ணோடு சேர்ந்து அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தார். அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ். இதெல்லாம் எங்கும் படிக்கக் கிடைக்கும். நான் பேச வந்தது அவர் கைகளைப் பற்றி.

1934. கேம்பிரிட்ஜில் அவருடைய வழிகாட்டி பெர்னாலின் ஆய்வகத்தில் பெப்சின் என்ற புரதப் படிகத்தை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். படிகத்தின் வழியே எக்ஸ்ரேயைச் செலுத்தினால் படத்தில் புள்ளிகள் விழும்; எந்த அணு எங்கே இருக்கிறது என்று அவற்றை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். ஒரு புரதம் தெளிவான புள்ளிகளாகப் படத்தில் விழுந்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு டோரதி ஆய்வகத்தில் இல்லை. கை வலிக்காக லண்டனில் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். நீண்ட நாள் நோயாளிகள் இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். நமக்கும் ஆஸ்பத்திரி தேதி எப்போதும் அப்படித்தானே வந்து விழுகிறது!

1938 டிசம்பரில் முதல் குழந்தை பிறந்தது. அதைத் தொடர்ந்து ஒரு தொற்று, பிறகு உடம்பிலுள்ள மூட்டெல்லாம் வீக்கம். காலையில் எழுந்து உடை மாற்றுவதே பெரும்பாடு. வயது 28. வயதாகி மூட்டு தேய்வது வேறு. இதுதான் முடக்குவாதம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற நோய். பக்ஸ்டன் என்ற வெந்நீரூற்று ஊருக்குப் போய்ச் சிகிச்சை எடுத்தார். தங்க உப்பை ஊசியாகப் போடுவது அந்தக் காலத்து வைத்தியம். ஓரளவு தேறினார். விரல்கள் கோணியது கோணியதுதான்.

ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தால், எக்ஸ்ரே கருவியின் மெயின் ஸ்விட்சைத் தள்ள முடியவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஸ்விட்சோடு நீளமான ஒரு நெம்புகோலைப் பொருத்திக்கொண்டார். அவ்வளவுதான். வேலை தொடர்ந்தது.

மேடைப் பேச்சாளர்களுக்கு "மனோபலம்" என்ற சொல் மேல் தனிக் காதல் உண்டு. டோரதிக்கு அது நிறையவே இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மனோபலம் ஸ்விட்சைத் தள்ளாது. ஆக்ஸ்ஃபோர்டில் அவர் வேலை பார்த்த சாமர்வில் கல்லூரி அவருக்குச் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் அதற்கு முன் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காதது. வீட்டில் சமைக்கவும் மூன்று பிள்ளைகளைப் பார்க்கவும் ஆட்கள் இருந்தார்கள். கணவர் தாமஸ், மனைவியின் வேலையைத் தன் வேலைக்குக் கீழே வைத்துப் பார்க்காதவர். இதையெல்லாம் சொல்லாமல் அவரைத் தெய்வப் பிறவி ஆக்கிவிட்டால், நம் அலுவலகத்தில் முடக்குவாதத்தோடு வேலை பார்க்கும் பெண்ணிடம் "அந்தம்மா செய்யலையா?" என்று கேட்கத்தான் அது உதவும். அவளுக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கிக் கொடுக்க உதவாது.

சரி, வேலைக்கு வருவோம். ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகக் கட்டடத்தில் அவருடைய ஆய்வகம். மைக்ராஸ்கோப் மேலே, ஏணி ஏறித்தான் போக வேண்டும். ஒரு கையில் படிகம், இன்னொரு கையால் ஏணியைப் பிடித்தபடி ஏறுவார். மயிரிழை போன்ற படிகங்களை அந்தக் கோணல் விரல்களால் கச்சிதமாகக் கையாண்டார்.

பென்சிலினின் அமைப்பு 1945-ல் பிடிபட்டது. அதன் நடுவே நாலு அணுக்கள் கொண்ட சின்ன வளையம் இருப்பதை அன்றைய பெரிய வேதியியலாளர்கள் சிலர் நம்பவே இல்லை. எக்ஸ்ரே சொன்னதுதான் சரி. பி12 இன்னும் கடினம்: நடுவில் ஒரு கோபால்ட் அணு, மொத்தம் 181 அணுக்கள். கலிஃபோர்னியாவில் கென்னத் ட்ரூபிளட் என்ற விஞ்ஞானி கணினியில் கணக்குப் போட்டு உதவினார். 1956-க்குள் முடிந்தது. 1964-ல் வேதியியல் நோபல், பங்கு போடாமல் தனியாக. "ஆக்ஸ்ஃபோர்டு இல்லத்தரசிக்கு நோபல்" என்று தலைப்புப் போட்டது ஒரு பிரிட்டிஷ் நாளிதழ். என்னத்தைச் சொல்ல!

இன்சுலின் கதை வேறு. முதல் படிகம் அவர் கைக்கு வந்தது 1934-ல். அமைப்பு முழுசாக வெளியானது 1969-ல். முப்பத்தைந்து ஆண்டுகள்! கருவியும் கணினியும் வளர்ந்து வரும்வரை அந்தப் புரதத்தை அவர் விடவில்லை. கடைசிக் கட்டத்தில் உழைத்தவர்களில் எம். விஜயன் என்ற நம் நாட்டு இளைஞரும் ஒருவர். பிற்பாடு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் புரதப் படிகவியலை வளர்த்தெடுத்தவர் அவர்தான்.

சிற்பி ஹென்றி மூர் டோரதியின் முகத்தை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் வரைந்திருக்கிறார். கணுக்கள் புடைத்த, பக்கவாட்டில் சாய்ந்த விரல்கள். அதைப் பார்த்துப் பரிதாபம் வருவதில்லை. உழைத்த கை என்றுதான் தோன்றுகிறது.

1993-ல் பெய்ஜிங்கில் உலகப் படிகவியல் மாநாடு. அவருக்கு 83 வயது, நடக்க முடியாது, பயணம் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சக்கர நாற்காலியோடு போய்ச் சேர்ந்தார். மறு ஆண்டு ஜூலையில் காலமானார்.

இனி நீங்கள் கேட்கலாம். முன்வரிசையில் அந்த அம்மா ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார், முதலில் அவரிடம் மைக்கைக் கொடுங்கள்.