உதட்டுக் கொப்புளமும் வீட்டு வைத்தியமும்

வணக்கம் நேயர்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக, அதாவது மருந்து கொடுத்துப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கு உதட்டோரம் கொத்தாக வருகிற நீர்க்கொப்புளத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ராத்திரி பல்லி எச்சம் பட்டுவிட்டது, உடம்பில் சூடு ஏறிவிட்டது என்றெல்லாம் நம் வீடுகளில் சொல்வார்கள். பல்லி பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ் செய்கிற வேலை. பெரும்பாலும் சின்ன வயதிலேயே, யாராவது பாசமாகக் கொடுத்த முத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் உடம்பில் இது இருக்கிறது, அதனால் வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டு திரிய வேண்டியதில்லை. புண் ஆறினாலும் வைரஸ் போகாது. முகத்து நரம்பின் முடிச்சில் பதுங்கிக் கிடந்து, காய்ச்சல், தூக்கக் குறைவு, மனக்கவலை, மாதவிலக்கு, கடும் வெயில் என்று ஏதாவது ஒன்று வந்தால் பெரும்பாலும் பழைய இடத்திலேயே தலைகாட்டும்.

வெயிலைத்தான் நம் ஆட்கள் கணக்கில் எடுப்பதில்லை. செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, புதுக்கன்று நட்ட காட்டில் நிழல் ஏது? அங்கே மருந்தடிக்கப் போகிற பெண்கள் தலையில் துணி கட்டி, நீளக்கைச் சட்டை போட்டு எல்லாவற்றையும் மூடுவார்கள், உதடு மட்டும் காலையிலிருந்து மதியம்வரை வெயிலில் காயும். தைப்பூசத்துக்கு விரதமிருந்து, ராத்திரி கண்விழித்து, வெயிலில் நடந்தவர்களுக்கும் அடுத்த வாரம் வந்து நிற்கும். அடிக்கடி வருகிறவர்கள் அகலமான தொப்பி போடுங்கள், மருந்துக்கடையில் எஸ்பிஎஃப் 30 (வெயிலைத் தடுக்கும் அளவு) என்று போட்ட உதட்டுப் பூச்சு வாங்கி, வேலைக்குக் கிளம்பும்போதும் இடையிலும் தடவுங்கள். வராமல் தடுக்க, எனக்குத் தெரிந்து, வீட்டில் செய்யக்கூடியதில் இதைவிட நல்லது இல்லை.

சரி, வந்துவிட்டால்? கொப்புளம் எழும்புவதற்கு ஒரு நாளுக்கு முன்பே அந்த இடம் குறுகுறுக்கும், லேசாக எரியும், தொட்டால் இறுகினாற்போல இருக்கும். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நிற்கும்போது அப்படித் தோன்றினால், சாயங்காலம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்புக் களிம்பு அந்த நேரத்தில் போட ஆரம்பித்தால்தான் ஓரளவு பலன், ஒரு நாளைக்கு 5 தடவை, 5 நாள். பொருக்குத் தட்டிய பிறகு போட்டுப் பெரிதாக ஒன்றும் ஆகாது. கூடவே ஐஸ் கட்டியைச் சுத்தமான துணியில் சுற்றி சில நிமிடம் ஒற்றி எடுங்கள், வலியும் வீக்கமும் அடங்கும். ஐஸை நேராக உதட்டில் வைக்க வேண்டாம், தோல் புண்ணாகும்.

தேனைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். நியூசிலாந்தில் கானுக்கா என்ற செடியின் தேனையும் அசைக்ளோவிர் களிம்பையும் வைத்துச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள், இரண்டிலும் புண் ஆற ஏறக்குறைய ஒரே காலம்தான் ஆனது. நம் கடைத் தேன் எல்லாம் அதே மாதிரி வேலை செய்யும் என்று நான் சொல்லமாட்டேன், தடவினால் கெடுதல் இல்லை, அவ்வளவுதான். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது. அப்புறம் பொருக்கு வெடித்து ரத்தம் கசியாமலிருக்கத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ மெல்லியதாகப் பூசுங்கள். விரலை விட்டுத் தடவாமல் பஞ்சுக் குச்சியால் தடவி, குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சுண்ணாம்பு, பற்பசை, எலுமிச்சைச் சாறு, தைலம், இதெல்லாம் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு வைத்து உதடு வெந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், கொப்புளம் 10 நாளுக்குள் தானாக ஆறியிருக்கும், வெந்த புண் ஆறத்தான் அதைவிட நாள் பிடித்தது. ஊசியால் குத்தி நீரை எடுக்காதீர்கள், அந்த நீரில்தான் வைரஸ் நிறைய இருக்கிறது. பொருக்கு உதிர்ந்து தோல் சரியாகும்வரை உங்கள் கோப்பை, துண்டு, கரண்டி தனியாக இருக்கட்டும், வேலையிடத்தில் ஒரே கோப்பையில் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) மாற்றி மாற்றிக் குடிப்பதையும் நிறுத்துங்கள்.

கைக்குழந்தை விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கமாட்டேன். பிறந்து சில வாரங்களே ஆன பிள்ளைக்கு இந்த வைரஸ் ரத்தத்திலும் மூளையிலும் பரவி உயிரையே எடுக்கலாம். உதட்டில் புண்ணோ குறுகுறுப்போ இருந்தால் பாட்டியாக இருந்தாலும் சரி, அத்தையாக இருந்தாலும் சரி, முத்தம் கொடுக்கக் கூடாது. அம்மாமார்களே, வந்தவர்கள் கோபித்துக்கொள்வார்களே என்று தயங்காமல் சொல்லுங்கள். பச்சைக் குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, காய்ச்சலடித்தாலோ, தோலில் கொப்புளம் கண்டாலோ நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கண் சிவந்து வலித்தாலும், வெளிச்சம் பார்க்கக் கூசினாலும், கரப்பான் என்கிற தோல் நோய் இருக்கிற பிள்ளைக்குக் கொப்புளம் பரவினாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள் கொப்புளம் வந்த உடனே போய்விடுங்கள், மற்றவர்கள் 10 நாளாகியும் ஆறாவிட்டால் போங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்).